ரோஜாப்பூ என்று வரும் அந்த வானப் படம்



பதிவு கொஞ்சம் நீளம். ஒரு பிளேன்டீயை வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

பல வருடங்களாக ஒரு படம் நம் வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றிச் சுற்றி வருகிறது. ரமழான் வந்துவிட்டால் இன்னும் கூடுதலாக வரும். கறுப்பு வானத்தின் நடுவே இதழ் விரித்த சிவப்பு ரோஜாப்பூ போல ஒன்று இருக்கும். அதன் கீழே சூரா அர்-ரஹ்மானின் 37ஆம் வசனம் என்று போட்டிருக்கும். அதற்கும் கீழே, நாசா இப்போதுதான் இதைக் கண்டுபிடித்தது, குர்ஆன் 1400 வருடங்களுக்கு முன்பே சொல்லிவிட்டது, பத்துப் பேருக்கு அனுப்புங்கள் என்று முடியும்.

விஞ்ஞானம் படிப்பிக்கும் எங்களிடம் பிள்ளைகள் இந்தப் படத்தைக் காட்டி, "இது உண்மையா?" என்று கேட்பார்கள். ஒரு சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. படம் உண்மை. அதன்மேல் ஒட்டப்பட்டிருக்கும் செய்திதான் பிழை. அந்தப் பிழை நம் பிள்ளைகளின் படிப்புக்கும் கேடு, ஈமானுக்கும் கேடு என்பதுதான் எங்கள் கருத்து. காரணங்களைச் சொல்கிறோம். பொறுமையாகக் கேளுங்கள்.

முதலில் படத்தில் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

அதன் பெயர் பூனைக்கண் நெபுலா. வானியலாளர்களின் பட்டியலில் என்.ஜி.சி. 6543. நம்மிடமிருந்து சுமார் 3000 ஒளியாண்டு தூரத்தில், வடக்கு வானத்தில் திராக்கோ என்னும் நட்சத்திரக் கூட்டத்தில் இருக்கிறது. நாசா இப்போது கண்டுபிடித்தது என்பது சரியில்லை. வில்லியம் ஹெர்ஷல் என்பவர் இங்கிலாந்தில் தன் தொலைகாட்டியால் இதைக் கண்டது 1786 பெப்ரவரி 15இல். நமக்கு வரும் அந்த ரோஜாப் படத்தை ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி எடுத்தது 1994 செப்டெம்பரில். உயர்தரம் படிக்கும் நம் பிள்ளைகளைவிட அந்தப் படத்துக்கு வயது கூட.

அது பூவுமில்லை, கண்ணுமில்லை. அது சாகும் நிலையிலிருக்கும் ஒரு நட்சத்திரம் உதறிவிட்ட வாயுவும் தூசும்.

நட்சத்திரம் சாகுமா என்று கேட்கலாம். சாகும். நம் சூரியனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வயது சுமார் 460 கோடி வருடம். அதன் மையத்தில் வெப்பநிலை ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பாகை. அந்த வெப்பத்தில் ஐதரசன் அணுக்கருக்கள் ஒன்றோடொன்று இணைந்து ஈலியமாக மாறுகின்றன. அதில் வெளிவரும் சக்திதான் நம் நெல்லை விளைவிக்கிறது, கருவாட்டைக் காயவைக்கிறது. நட்சத்திரத்தின் நிறை அதை உள்ளே இழுக்கும், இந்தச் சக்தி வெளியே தள்ளும். இரண்டும் சமமாக நிற்கும்வரை நட்சத்திரம் அமைதியாக எரியும்.

இன்னும் சுமார் 500 கோடி வருடங்களில் சூரியனின் மையத்தில் ஐதரசன் தீர்ந்துபோகும். அப்போது மையம் சுருங்கி மேலும் சூடாகும், வெளிப்பகுதியோ பலமடங்கு வீங்கிக் குளிர்ந்து சிவக்கும். இந்த நிலையில் உள்ள நட்சத்திரத்தைச் செவ்வரக்கன் என்கிறார்கள். மையம் சுமார் பத்துக் கோடி பாகையை எட்டும்போது ஈலியம் எரியத் தொடங்கி, காபனும் ஒட்சிசனும் உருவாகும். சூரியனைப் போன்ற நட்சத்திரத்துக்கு அதற்கு மேல் போகப் பலமில்லை. காபனை எரிக்கும் அளவுக்கு அதன் மையம் சூடாகாது.

இனி உதறல் ஆரம்பிக்கும். வீங்கிய நட்சத்திரம் சுருங்கி விரிந்து, மூச்சு வாங்குவதுபோல் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பிலும் வெளிப்படையில் கொஞ்சம் வாயு மேலே எழும். எழுந்த வாயு குளிரும்போது அதிலுள்ள காபன், சிலிக்கன் போன்றவை ஒட்டிக்கொண்டு நுண்ணிய தூசாகும். மண்ணெண்ணெய் விளக்கின் சிம்னியில் கரி படியுமே, அதுபோன்ற மிகமிகச் சின்னத் துகள்கள். நட்சத்திரத்தின் ஒளி இந்தத் தூசைப் பிடித்து வெளியே தள்ளும், தூசு தன்னோடு வாயுவையும் இழுத்துக்கொண்டு போகும். செக்கனுக்குப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் வேகத்தில், பல்லாயிரம் வருடங்களாக இப்படிப் போய்க்கொண்டே இருக்கும். சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் தன் வாழ்நாள் முடிவதற்குள் தன் நிறையில் சுமார் பாதியை இப்படி இழந்துவிடும்.

எல்லாம் போனபின் மிஞ்சுவது நடுவிலிருந்த சூடான மையம் மட்டும். அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத கழியூதாக் கதிர்கள் பாயும். அவை வெளியே மிதக்கும் வாயுவில் படும்போது வாயு ஒளிரும். கடைத்தெருவில் நியோன் பலகை ஒளிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே வாயுவுக்கு மின்சாரம் சக்தி கொடுக்கிறது, இங்கே கழியூதாக் கதிர் கொடுக்கிறது. அதேநேரம் மையத்திலிருந்து இப்போது மிக வேகமான காற்று ஒன்று வீசும். அது முன்னே மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும் பழைய வாயுவை வாரி, வரம்பு கட்டியதுபோல் குவிக்கும். நாம் இதழ் என்று பார்ப்பவை அந்த வரம்புகள்தாம்.

பூனைக்கண் நெபுலாவின் நடு நட்சத்திரம் ஏறக்குறைய 80,000 பாகை சூடானது. நம் சூரியனின் மேற்பரப்பு 6000 பாகையைக்கூட எட்டாது. 2004இல் வெளியான இன்னொரு ஹபிள் படத்தில், அந்த இதழ்களுக்கு வெளியே வெங்காயத் தோல் போல 11 அல்லது அதற்கும் மேற்பட்ட வளையங்கள் தெரிந்தன. நட்சத்திரம் சுமார் 1500 வருடத்துக்கு ஒருமுறை ஒரு படையை உதறியிருக்கிறது என்று கணித்தார்கள். பின்னர்தான் உள்ளே இருக்கும் பிரகாசமான பகுதி உருவானது. அதற்கு வயது சுமார் 1000 வருடம்.

இப்படிப்பட்டவற்றுக்குக் கோள் நெபுலா என்று பெயர். கோள்களுக்கும் இவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஹெர்ஷல் 1781இல் யுரேனஸைக் கண்டவர். தொலைகாட்டியில் இவையும் அதுபோல் சிறு வட்டமாகத் தெரிந்ததால் அப்படிப் பெயர் வைத்தார். அது தவறான பெயர் என்று எல்லாருக்கும் தெரிந்தபிறகும் பழக்கத்தில் நின்றுவிட்டது. இந்த ஒளி பத்து, இருபதாயிரம் வருடங்களில் மங்கிப் போகும். வாயு பரவிக் கலைந்துவிடும். நடுவிலிருந்த மையம் ஆறி, பூமியளவு சிறிய வெண்குள்ளனாக எஞ்சும். அதில் ஒரு தேக்கரண்டி அள்ளினால் சில தொன் நிறை இருக்கும்.

இதெல்லாம் எப்படித் தெரியும்? யார் போய்ப் பார்த்தார்கள்? நல்ல கேள்விதான். பாடசாலை ஆய்வுகூடத்தில் சுவாலைப் பரிசோதனை செய்த பிள்ளைகளுக்கு விடை பாதி தெரியும். உப்பைச் சுவாலையில் பிடித்தால் மஞ்சள், செம்பு உப்பைப் பிடித்தால் பச்சை. ஒவ்வொரு மூலகத்துக்கும் தனக்கென்று ஒளி உண்டு. 1864 ஓகஸ்ட் 29 இரவு வில்லியம் ஹக்கின்ஸ் என்பவர் இதே பூனைக்கண் நெபுலாவின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தார். நெபுலாக்கள் எல்லாம் தூரத்து நட்சத்திரக் கூட்டங்களாக இருக்கலாம் என்று பலர் நினைத்திருந்த காலம் அது. நட்சத்திரமாக இருந்தால் வானவில் போல நிறங்கள் தொடர்ச்சியாகத் தெரிய வேண்டும். அவர் கண்டதோ தனித்தனியே நின்ற சில ஒளிக்கோடுகள் மட்டும். அதாவது அது வாயு.

ஆனால் அவற்றில் மிகப் பிரகாசமான பச்சைக் கோடு அன்று தெரிந்த எந்த மூலகத்துக்கும் பொருந்தவில்லை. பூமியில் இல்லாத புது மூலகம் என்று கருதி அதற்கு நெபுலியம் என்று பெயரும் வைத்தார்கள். 1927இல் ஐரா போவன் என்பவர்தான் முடிச்சை அவிழ்த்தார். அது நாம் சுவாசிக்கும் அதே ஒட்சிசன், இரண்டு இலத்திரன்களை இழந்த நிலையில். பூமியில் அணுக்கள் நெருக்கமாக மோதிக்கொண்டிருப்பதால் அந்த ஒளியை வெளிவிட அவற்றுக்கு அவகாசம் கிடைப்பதில்லை. நெபுலாவில் ஒரு கன சென்ரிமீற்றருக்குள் சில ஆயிரம் துகள்கள்தாம் இருக்கும், அங்கே அவகாசம் கிடைக்கிறது. ஒரு பச்சைக் கோட்டை விளங்கிக்கொள்ள மனிதர்களுக்கு 63 வருடங்கள் எடுத்தன. நாம் அந்தப் படத்தை அனுப்ப ஒரு செக்கன் எடுக்கிறோம்.

இனி அந்தச் சிவப்புக்கு வருவோம். ஹபிள் அந்தப் படத்தை ஒரே நிறப்படமாக எடுக்கவில்லை. ஐதரசன், ஒட்சிசன், நைதரசன் ஆகிய மூன்றும் விடும் குறிப்பிட்ட ஒளிகளை வடிகட்டி மூன்று தனிப்படங்கள் எடுத்தார்கள். அந்த மூன்று ஒளிகளுமே நிறமாலையில் சிவப்பை அண்டியவை. அப்படியே சேர்த்தால் எது எங்கே இருக்கிறது என்று பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் ஐதரசனுக்குச் சிவப்பு, ஒட்சிசனுக்கு நீலம், நைதரசனுக்குப் பச்சை என்று நிறம் ஒதுக்கினார்கள். புவியியல் பாடத்தில் வரைபடத்துக்கு நிறம் தீட்டுவோமே, அதே வேலைதான். நெபுலா விடும் மிகப் பலமான அந்தப் பச்சை ஒளி இந்தப் படத்தில் சேர்க்கப்படவே இல்லை. ஒரு தொலைகாட்டியில் கண்ணால் பார்ப்பவருக்குப் பூனைக்கண் நெபுலா நீலம் கலந்த பச்சையாகத்தான் தெரியும். ரோஜா நிறத்தை எங்கே தேடினாலும் கிடைக்காது.

இது ஏமாற்று வேலை இல்லை. எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்பதைப் படத்தோடு சேர்த்தே வெளியிட்டார்கள். அந்தக் குறிப்பை வெட்டிவிட்டு வேறொன்றை ஒட்டியது யார் என்பதுதான் கேள்வி.

வசனத்தின் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம். நாங்கள் ஆலிம்கள் இல்லை. ஆனால் தர்ஜமாவை விரித்து அந்தப் பக்கத்தை முழுதாக வாசிக்க யாராலும் முடியும். 37ஆம் வசனத்தைத் தொடர்ந்து வருபவை அந்த நாளின் விசாரணையையும் குற்றவாளிகளின் நிலையையும் பேசுகின்றன. பேசப்படுவது மறுமை நாளில் வானத்துக்கு நடக்கப்போவது. படத்தில் இருப்பதோ 3000 ஒளியாண்டுக்கு அப்பால், ஒரேயொரு நட்சத்திரத்துக்கு எப்போதோ நடந்தது. வானம் பிளக்கவில்லை. இப்படிப்பட்ட நெபுலாக்கள் நம் பால்வீதியில் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டிருக்கின்றன. கியாமத்தைப் பற்றிய எச்சரிக்கையை ஒரு அழகான சுவர்ப்படமாக்கிவிட்டு, வசனத்துக்கு மதிப்புச் செய்தோம் என்று நினைப்பது சரிதானா? உங்கள் ஊர் மௌலவிமாரிடம் கேட்டுப் பாருங்கள்.

"நல்ல நோக்கத்தில்தானே அனுப்புகிறார்கள், நாலு பேர் ஸுப்ஹானல்லாஹ் சொன்னால் நன்மைதானே" என்று சிலர் சொல்வார்கள். நோக்கம் நல்லது என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. ஆனால் இதன் விலையைக் கொடுப்பது பிள்ளைகள். பதினைந்து வயதில் ஒரு பிள்ளை இந்தப் படத்தைப் பார்த்து, இதுதான் மார்க்கம் உண்மை என்பதற்கு ஆதாரம் என்று மனதில் பதித்துக்கொள்கிறது. இருபது வயதில் பல்கலைக்கழகத்தில் அதே நெபுலாவின் வேறு நிறப் படத்தைப் பார்க்கிறது. நிறம் ஒதுக்கப்பட்டது என்று அறிகிறது. அப்போது அந்தப் பிள்ளை எதைச் சந்தேகிக்கும்? அனுப்பிய மாமாவை மட்டும் சந்தேகித்துவிட்டு நின்றுவிடுமா? நாம் பலமில்லாத ஆணியில் கனமான பொருளைத் தொங்கவிடுகிறோம். ஆணி கழன்றால் விழப்போவது ஆணி மட்டுமில்லை.

மறுபக்கம் படிப்பும் கெடுகிறது. எல்லாம் முன்பே சொல்லப்பட்டுவிட்டது என்று முடித்துவிட்டால், பிறகு கேட்க என்ன இருக்கிறது? எப்படிச் சிவந்தது, எவ்வளவு தூரம், எவ்வளவு சூடு என்று கேட்க வேண்டிய பிள்ளை, அனுப்பிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுகிறது. விஞ்ஞானப் பிரிவில் நம் பிள்ளைகள் இன்னும் முன்னுக்கு வரவேண்டும் என்று ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் பேசுகிறோம். கேள்வி கேட்கும் பழக்கத்தை வீட்டிலேயே முளையில் கிள்ளிவிட்டு, பாடசாலையில் விளைச்சலைத் தேடினால் கிடைக்குமா?

நபி (ஸல்) அவர்களின் வாழ்வில் நடந்த ஒன்று நம் எல்லாருக்கும் தெரியும். அவர்களின் அருமை மகன் இப்றாஹீம் வபாத்தான நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. அந்தக் குழந்தையின் இழப்புக்காகத்தான் சூரியனே மறைந்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். துயரத்தில் இருக்கும் ஒரு தந்தைக்கு அந்தப் பேச்சு எவ்வளவு ஆறுதல்? கேட்டும் கேளாததுபோல் இருந்திருந்தால், அதைச் சொல்லியே ஆயிரம் பேர் உருகியிருப்பார்கள். நபியவர்கள் அப்படி விடவில்லை. எவருடைய இறப்புக்காகவோ பிறப்புக்காகவோ சூரியனுக்கும் சந்திரனுக்கும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களுக்குத் தெளிவாக்கினார்கள். கிரகணம் அல்லாஹ்வின் அத்தாட்சி என்றும் சொல்லித் தொழுதார்கள். அத்தாட்சி என்பதும் நின்றது, அதன்மேல் ஏறவந்த கற்பனையும் விலக்கப்பட்டது. வானத்தை எப்படிப் பார்ப்பது என்பதற்கு இதைவிட வேறு என்ன பாடம் வேண்டும்?

அந்தப் பாடத்தில் வளர்ந்த சமூகம்தான் பிறகு வானத்தை அளந்தது. பூனைக்கண் நெபுலா இருக்கும் திராக்கோவின் நட்சத்திரங்களைப் பாருங்கள். துபான், எல்தானின், ரஸ்தபன் எல்லாம் அரபுச் சொற்களிலிருந்து வந்த பெயர்கள். பாம்பு, பெரும் நாகம், பாம்பின் தலை என்று கருத்து. 964ஆம் ஆண்டில் அப்துர் ரஹ்மான் அல்-ஸூஃபி நட்சத்திரங்கள் பற்றித் தன் நூலை எழுதினார். கிரேக்கரான தொலமி எழுதிவைத்த பட்டியல் அதற்கு 800 வருடங்களுக்கு முந்தியது, எல்லாரும் மதித்தது. அல்-ஸூஃபி அதை அப்படியே பகிரவில்லை. இரவிரவாகத் தன் கண்ணால் பார்த்து, நட்சத்திரங்களின் பிரகாசத்தைத் திருத்தி எழுதினார். அந்திரமேடாப் பக்கம் ஒரு சிறு மேகம் தெரிவதையும் குறித்துவைத்தார். அது இன்னொரு பால்வெளி மண்டலம் என்று உலகம் உறுதிசெய்தது 20ஆம் நூற்றாண்டில். அவர் அதற்கு விளக்கம் எதுவும் கற்பனை செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி எழுதினார், அதனால் அது இன்றும் நிற்கிறது.

ஒரு ஹதீஸ் வந்தால், யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்று ஒவ்வொரு கண்ணியாக ஆராய்ந்த சமூகம் நாம். அனுப்பியவர் பெயரே இல்லாத ஒரு வாட்ஸ்அப் படத்துக்கு மட்டும் ஏன் அந்த அளவுகோலை வைப்பதில்லை?

இது நம்மிடம் மட்டும் உள்ள வழக்கம் என்றும் நினைக்க வேண்டாம். சுமார் 650 ஒளியாண்டு தூரத்தில் ஹீலிக்ஸ் என்று இன்னொரு கோள் நெபுலா உண்டு. அதைக் கடவுளின் கண், 3000 வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தெரிவது என்று சொல்லி உலகம் முழுக்க மின்னஞ்சல் அனுப்பினார்கள். அது எப்போதும் அங்கேயேதான் இருக்கிறது.

இத்தனையும் சொன்னபின், படத்தை என்ன செய்வது? அழித்துவிடுங்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். உண்மையான கதையோடு பகிருங்கள். அது பொய்யான கதையைவிட எவ்வளவோ பெரியது. அந்த நட்சத்திரம் உதறிய வாயுவும் தூசும் வீணாவதில்லை. அது விண்வெளியில் கலந்து, பின்னர் உருவாகும் நட்சத்திரங்களுக்கும் கோள்களுக்கும் மூலப்பொருளாகிறது. நம் உடலில் உள்ள காபனிலும் நைதரசனிலும் கணிசமான பங்கு, சூரியன் பிறக்குமுன் இறந்த இப்படியான நட்சத்திரங்களிலிருந்து வந்தது. இரத்தத்திலுள்ள இரும்பு பெரும்பாலும் வெடித்துச் சிதறிய வேறு வகை நட்சத்திரங்களிலிருந்து வந்தது. இதைக் கேட்கும் பிள்ளையும் ஸுப்ஹானல்லாஹ் சொல்லும். அந்தச் சொல்லை எந்தப் புதுப் படமும் அசைக்காது.

சில சின்ன வேண்டுகோள்கள். குழுக்களை நடத்தும் சகோதரர்களே, விஞ்ஞானம் என்று ஒரு படம் வந்தால், எது எடுத்தது, எப்போது எடுத்தது, நிறங்கள் எதைக் குறிக்கின்றன என்ற மூன்றையும் கேளுங்கள். பதில் இல்லாவிட்டால் அனுப்பாதீர்கள். குத்பாவில் வானத்தைப் பற்றிப் பேச விரும்பும் உலமாக்களே, ஊரிலிருக்கும் விஞ்ஞான ஆசிரியர் ஒருவரை முதல்நாளே அழைத்துப் பேசுங்கள். ஓடி வருவோம். எங்களுக்கும் உங்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை உண்டு. பெற்றோர்களே, பிள்ளை "உண்மையா?" என்று கேட்டால் அதட்டாதீர்கள். தெரியாவிட்டால், வா, தேடிப் பார்ப்போம் என்று சொல்லுங்கள்.

பழைய மாணவர் சங்கங்களுக்கும் ஒரு சொல். மேடைக்கும் பந்தலுக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை ஒதுக்கிப் பாடசாலைக்கு ஒரு சிறிய தொலைகாட்டி வாங்கிக் கொடுங்கள். ஓகஸ்ட் மாதம் இரவு ஒன்பது மணியளவில், மேகமில்லாவிட்டால், வடக்கே அடிவானத்துக்குச் சற்று மேலே பூனைக்கண் இருக்கும். ஏப்ரல் இரவுகளில் தெற்கே தென்வளைய நெபுலா இருக்கும். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் தொலைகாட்டியின் முதல் படங்களோடு வெளியானது அதுதான். படத்தில் தெரிவதுபோல் பிரமாண்டமாக இருக்காது, மங்கலான சிறு புள்ளிபோலத்தான் தெரியும். ஆனால் அந்த மங்கல் ஒளி உண்மையில் அங்கிருந்து புறப்பட்டு, இரண்டாயிரம், மூவாயிரம் வருடங்கள் பயணம் செய்து, நம் ஊர்ப் பிள்ளையின் கண்ணுக்குள் வந்து விழுகிறது. இடையில் யாரும் நிறம் தீட்டவில்லை, யாரும் எதையும் ஒட்டவில்லை.

கருத்து வேறுபாடு இருந்தால் கீழே எழுதுங்கள். ஆதாரத்தோடு எழுதினால் நாங்களும் படித்துக்கொள்வோம். பயனுள்ள கல்வியை நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அல்லாஹ் தருவானாக.

வஸ்ஸலாம்.